ரீபூட் அண்ணன்

சூப்பர்மேன் என்று சொன்னால் அவர் முகம் சுண்டிப்போகும். ஸ்பைடர்மேன் என்றால் டீ கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, சித்தூர் பஸ்ஸில் யார் யார் ஏறுகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார். "அவனுங்களுக்கு இன்னாபா கொறை? படம் ஓடுது, பனியன் விக்குது. வேற எதனா கேளு" என்பார். வேறு என்றால், அவருக்கு மட்டுமே தெரிந்த ஆட்கள். தன் கையைத் தானே கழற்றி அதாலேயே எதிரியை அடிப்பவன். ஆபத்து வந்ததும் கல்லாகிப்போய் நின்ற இடத்திலேயே நிற்பவன். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு கொள்ளையடிக்கப் போனவன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு, பந்தலோரம் தனியாக உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவிடம் போய் "சாப்பிட்டீங்களா?" என்று விசாரிப்பவர்கள் இருக்கிறார்களே, அந்த ரகம்.

தோற்று, மறக்கப்பட்டுப்போன காமிக்ஸ் ஆட்களுக்கெல்லாம் மறுபடி ஒரு கதை கட்டி உயிர் கொடுப்பவர் என்பதால், காட்பாடியில் எங்கள் டீக்கடை வட்டம் அவருக்கு வைத்த பெயர் ரீபூட் அண்ணன். இந்தப் பெயர் இல்லாவிட்டாலும் இந்த ஆள் எல்லா ஊரிலும் இருப்பார். வயது 50ஐ ஒட்டி. எங்கோ ஓர் ஆபீஸில் ஒழுங்காகக் கணக்கெழுதுபவர். சாயங்காலமானால் கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் நாற்பது வருஷத்துச் சாணித்தாள் புத்தகம். அதை அவர் பிரிப்பதைப் பார்க்க வேண்டும். பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும் என்று முன்பே பிடுங்கிவிட்டு வெள்ளை நூலால் தைத்திருப்பார். பக்கத்தை மூலையில் பிடித்துத் திருப்ப மாட்டார். உள்ளங்கையை அடியில் கொடுத்து, தூங்குகிற குழந்தையைப் புரட்டிப் போடுகிற பதத்தில் திருப்புவார். வடை தின்ற கையோடு யாராவது நெருங்கினால் அன்றோடு அந்த உறவு முடிந்தது.

இந்த வியாதி சிவகாசியிலிருந்து வந்தது. 1972இல் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கி முதல் இதழாக விட்டது 'இரும்புக்கை மாயாவி'. ஆராய்ச்சிக்கூட விபத்தில் ஒரு கை போய், அங்கே இரும்புக்கை வந்து, மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும் கதை. லண்டன் வார இதழ் ஒன்றில் 1962இல் பிறந்தவன். அவனை வரைந்தவர் ஹேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். 1984இல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸை ஆரம்பித்தார். அதே வருஷம் தினத்தந்தி வீட்டிலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது. சட்டித்தலையன் ஆர்ச்சியும் கூர்மண்டை ஸ்பைடரும் பள்ளிக்கூடப் பைகளுக்குள் குடியேறினார்கள். ஸ்பைடர் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், அதாவது சூப்பர்மேனை உண்டாக்கிய இருவரில் ஒருவர். இதைச் சொல்லும்போது மட்டும் ரீபூட் அண்ணன் சூப்பர்மேன் பெயரை மரியாதையாக உச்சரிப்பார், சம்பந்தி வீட்டுப் பெயரைப் போல.

இங்கிலாந்தில் இவர்களைச் சுத்தமாக மறந்துவிட்டார்கள். 2005இல் ஆலன் மூர் கதைக்கரு கொடுக்க, அவர் மகளும் மருமகனும் எழுதி, 'ஆல்பியன்' என்று ஒரு தொடர் வந்தது. அதில் இரும்புக்கையனும் ஸ்பைடரும் ஆர்ச்சியும் என்ன ஆனார்கள் என்றால், அரசாங்கம் எல்லோரையும் பிடித்து ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டைக்குள் அடைத்து வைத்திருக்கிறது. ரீபூட் அண்ணனுக்கு அந்தக் கோட்டை விஷயத்தில் இன்றுவரை ஆறவில்லை. "அவனுங்க மறந்துட்டு, அப்புறம் ஞாபகம் வந்து, அதுக்கொரு புக்கு போட்டானுங்க. நாம எப்பபா மறந்தோம்? இங்க மறுபதிப்பு மேல மறுபதிப்பு வந்துக்கினு கீது!" என்பார். அப்போதுதான் கூட்டாளி வாய் திறப்பார்: "கோட்டையில அடைக்கணும்னா நம்ம வேலூர்ல அடைச்சிருக்கணும்பா. கண்டி ராஜாவையே கொண்டாந்து வெச்ச எடம்."

கூட்டாளியைப் பற்றிச் சொல்லாமல் ரீபூட் அண்ணனைச் சொன்னதாகாது. அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். பாசஞ்சரில் போய் வருபவர். காமிக்ஸ் படித்ததில்லை, படிக்கிற உத்தேசமும் இல்லை. கதை கேட்பார், கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விதான் ரீபூட் அண்ணனுக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும், மறுநாள் புதுக் கதையையும் கொடுக்கும். கற்பனை என்பது தனியாளாக மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்துச் செய்கிற காரியம் என்று நான் நினைத்திருந்தேன். இவர்களைப் பார்த்த பிறகு, அதற்கு எதிரில் உட்கார்ந்து "அதெப்படிபா?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும் என்று தெரிந்தது. வேலையில் பாதிக்கு மேல் அந்த ஆளுடையது.

மாயாவியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் ரீபூட் அண்ணன் அவரைக் காட்பாடிக்குக் குடிமாற்றினார். காந்தி நகரில் வாடகை வீடு, ரிட்டயர்டு ஏஜென்ட், பென்ஷன் வரவில்லை. கூட்டாளி கேட்டார்: "மாயமாவறதுக்கு கரெண்டு வேணும்ல? மாதாந்திரப் பராமரிப்பு அன்னிக்கு இன்னா பண்ணுவார்?" ரீபூட் அண்ணன் திணறிப் போனார். இன்வெர்ட்டர் போட்டுக் கொடுத்தார். "இன்வெர்ட்டர்ல அரைகுறையாதான் மறைவார். ஃபேன் மாரி லேசா ஆடுவார்" என்றார் கூட்டாளி. அப்புறம் 100 யூனிட் இலவசத்துக்குள் எத்தனை தடவை மறையலாம் என்று கணக்குப் போட்டார்கள். அதைத் தாண்டினால் ஸ்லாப் மாறும், ஆகையால் மாயாவி திருடனை விட்டாலும் விடுவார், ரீடிங் எடுக்க வருபவரை விட மாட்டார். கடைசியில், மறைந்த நிலையில் டவுன் பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்திருக்கும் இரும்புக்கைக்குக் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வேண்டுமா, அதை லக்கேஜாக எழுத வேண்டுமா என்ற இடத்தில் கதை நின்றது. இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

ஆனால் அவர்களுடைய ஆகப்பெரிய சாதனை பசை வாளி பீட். 1963இல் மார்வெல் இதழொன்றில் ஹ்யூமன் டார்ச் என்ற நெருப்பு மனிதனுக்கு எதிரியாக வந்தவன். கையில் துப்பாக்கி, அதிலிருந்து பசை. பெயரைக் கேட்டே எல்லோரும் சிரித்ததில் பின்னால் அவன் 'டிராப்ஸ்டர்' என்று பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவெஞ்சர்ஸ் கூட்டமே ஒருமுறை வேறொருவன் பசையில் மாட்டி ஒட்டிக்கொண்டபோது அதைக் கரைக்க இவனைத்தான் சிறையிலிருந்து கூப்பிட்டார்கள். காரியம் ஆனதும் மறுபடி யாரும் சீந்தவில்லை. ரீபூட் அண்ணன் இதைச் சொல்லி முடிக்கையில் குரல் தழுதழுத்திருந்தது.

கூட்டாளிக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. "எதிராளி மேல நேரா பசையை அடிச்சானா? ரஃபிங் பண்ணாமயா?"

"இன்னா ரஃபிங்?"

"யோவ், வழவழன்னு இருக்கிற தோல் மேல சொல்யூஷன் நிக்காதுய்யா. மொதல்ல வீல்ல குடுத்து மேல்பக்கத்தைச் சொரசொரன்னு ஆக்கணும். அப்புறம் அப்பர்லயும் தடவணும், சோல்லயும் தடவணும். ரெண்டும் காயணும். காஞ்ச பின்னால சூடு காட்டி, ஒட்டி, பிரஸ்ல வெக்கணும். ஈரத்தோட ஒட்டினா மறுநாளே வாயப் பொளந்துக்கும். பையர் வந்து மொத்த லாட்டையும் ரிஜெக்ட் பண்ணிட்டுப் போவான்."

"அப்ப பீட் தோத்தது..."

"டெக்னிக் தெரியாமத்தான்! ஆளு நல்ல ஆளு, ட்ரெய்னிங் இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவன் எதிரி யாருன்ன?"

"நெருப்பு மனுஷன்."

கூட்டாளி பெஞ்சைத் தட்டிவிட்டு எழுந்தேவிட்டார். "அடப்பாவி! ஹீட் ஆக்டிவேஷன் ஃப்ரீயா கெடச்சிருக்குது. அதைப் போய் விட்டுட்டு வந்திருக்கான்!"

அன்றிரவே பீட் ஆம்பூருக்கு வந்து சேர்ந்தான். ஷூ கம்பெனியில் பேஸ்டிங் பிரிவில் வேலை. ஷிப்மென்ட் நேரத்தில் ராத்திரி ஷிஃப்ட். எதிரியைப் பார்த்தால் முதலில் ஓடிப்போய் உப்புத்தாளால் ஒரு தேய், அப்புறம் ஒரு கோட்டிங், பிறகு "கொஞ்சம் காயட்டும் சார், அங்கயே நில்லுங்க" என்ற வேண்டுகோள். எதிரி நிற்பானா என்று நான் கேட்டேன். இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கதைக்குள் லாஜிக் கேட்க ஒருவருக்குத்தான் உரிமை என்பது எனக்கு அப்போது தெரியாது.

இது வெட்டி வேலை என்று வீட்டில் சொன்னால் ரீபூட் அண்ணன் சாட்சிகளை அழைப்பார். 1965இல் வந்து சுவடில்லாமல் போன அனிமல் மேனை 1988இல் கிராண்ட் மாரிசன் தூக்கி நிறுத்தவில்லையா? 1962இல் பேட்மேனிடம் உதை வாங்கிய போல்கா டாட் மேன், உடம்பெல்லாம் வட்டப் பொட்டு ஒட்டிக்கொண்டு வந்தவன், 2021இல் ஜேம்ஸ் கன் படத்தில் தியேட்டரையே கலங்க வைக்கவில்லையா? 'வாட்ச்மென்' எப்படி வந்தது? சார்ல்டன் என்ற சின்ன கம்பெனியின் கேட்பாரற்ற ஹீரோக்களை வைத்துத்தான் ஆலன் மூர் முதலில் யோசித்தார். அவர்களைத் தர மாட்டோம் என்று டிசி காமிக்ஸ் சொன்னதால் சாயலில் புது ஆட்களைச் செய்தார். வீட்டம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊர் ஊரா வேலையில்லாம நிக்கறவனுக்கெல்லாம் வேலை போட்டுத் தர்றீங்க. நம்ம பையனுக்கு ஒண்ணு பாருங்க" என்பார். பையன் பி.இ. முடித்து இரண்டு வருஷமாகிறது. ரீபூட் அண்ணனிடம் இதற்கு மட்டும் சாட்சி கிடையாது.

எல்லாக் கதையும் சிரிப்பில் முடிவதில்லை. கலர் கிட் என்று ஒருவன். 1966இல் வந்தவன். எந்தப் பொருளின் நிறத்தையும் மாற்றுவான், அவ்வளவுதான். சூப்பர் ஹீரோ சங்கத்தில் சேரப் போய், இந்த வித்தையால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று திருப்பி அனுப்பப்பட்டவன். ரீபூட் அண்ணன் அவனை ஆசையாகப் பாலாற்றங்கரைக்குக் கூட்டிவந்தார். டேனரிக் கழிவு எந்தக் கலரில் ஓடினாலும் ஒரு கையசைப்பில் பளிங்கு மாதிரி ஆகிவிடும்.

"மொதல்ல ஆத்துல தண்ணி ஓடட்டும்பா" என்றார் கூட்டாளி.

"ஓடுதுன்னு வெச்சிக்கோ. 2021ல ஓடுச்சில்ல?"

"கலர் போவும். குரோமியம் போவுமா?"

ரீபூட் அண்ணன் பேசவில்லை.

"டிரம்முல இருந்து வர்ற தோலே வெளிர்நீலமாதான் வரும். வெட் ப்ளூன்னு அதுக்குத்தான் பேரு. அந்தத் தண்ணியை உன் ஆளு தெளிவாக் காட்டினா ஜனங்க நம்பிக் குடிச்சிடும். அவன் ஹீரோ இல்லய்யா. எவனாவது மொதலாளி நல்ல சம்பளம் குடுத்து வெச்சிக்கிற ஆளு."

வேலூர் குடிமக்கள் நல அமைப்பு போட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கெடுத்தவன்தான் செலவைக் கொடுக்க வேண்டும். தோல் கம்பெனிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. கலர் கிட்டுக்கு அந்தக் காலத்தில் இங்கே நல்ல கிராக்கி இருந்திருக்கும் என்று கூட்டாளி சொன்னார். அவர் பிழைப்பே தோலில்தான் ஓடுகிறது; அவர் சொன்னதால் அது அப்படியே நின்றது. கலர் கிட்டை இருவரும் அதோடு விட்டுவிட்டார்கள்.

மற்றவர்களுக்கு இவ்வளவு நேரம் கொடுப்பதில்லை. கல்லாகிற ஸ்டோன் பாய்க்குப் பத்திரப்பதிவு ஆபீஸ் வரிசையில் இடம் பிடிக்கும் உத்தியோகம், முகூர்த்த நாளில் இரட்டைக் கட்டணம். எதையும் கடித்துத் தின்னும் மேட்டர் ஈட்டர் லேடை (கிரகத்துச் சாப்பாடெல்லாம் விஷமாகிப்போனதால் இரும்பையும் கல்லையும் தின்னப் பழகியவன், பாவம்) நேரே பிரியாணிக் கடைக்கு அழைத்துப் போனார்கள். சீரகச் சம்பாவை முடித்து, கத்திரிக்காயை வழித்து, அடுத்து தேக்சாவில் அவன் வாயை வைத்தபோது கடை பாய் வந்து, "தம்பி, அதுக்குத் தனி பில்" என்றார். ஐந்து நிமிஷக் கதை.

போன வாரம் ஒன்று நடந்தது. கூட்டாளி தன் பங்குக்கு ஓர் ஆளைக் கொண்டுவந்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் குவியலிலிருந்து இடது கால் ஷூவுக்கு அதன் சரியான வலது ஜோடியை, அதே தோல், அதே சாயம், அதே மடிப்பு, விரலால் தடவியே எடுத்துவிடுகிற செக்கிங் அம்மா ஒருவர். ராத்திரி ஷிஃப்டில் கரெண்ட் போனால் கம்பெனியே அவரை நம்பித்தான் இருக்கும். உலகத்தில் ஜோடி பிரிந்தது எதுவாக இருந்தாலும் அவர் சேர்த்துவிடுவார். சொல்லும்போது கூட்டாளிக்கு முகமே வேறாக இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ரீபூட் அண்ணன் மட்டும் சந்தேகமாகப் பார்த்தார். "இது மொதல்ல எந்த புக்குல வந்துச்சி?"

"எந்த புக்குலயும் வரலபா. நானா யோசிச்சேன்."

"எந்த வருஷம்?"

"இன்னிக்குத்தான். ட்ரெய்ன்ல."

"அப்ப எப்படிபா? வந்திருக்கணும், தோத்திருக்கணும், ஜனங்க மறந்திருக்கணும். அப்பதான் நான் எதனா செய்ய முடியும்."

கூட்டாளி டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இப்ப வந்துடட்டும். ஒரு பத்து வருஷம் யாரும் கண்டுக்காம இருப்பாங்க. அப்புறமா நீ எடுத்துக்கோ."