கருடன் வந்த படம்

எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பரு வந்தாலும் தோல் மருத்துவருக்கு முன்னால் எனக்குத் தகவல் வந்துவிடும். "மாப்பிள்ளை வீட்டுக்கு போட்டோ அனுப்பணும், மூக்கு மேல ஒண்ணு இருக்கு, கொஞ்சம் எடுத்துடு" என்று வாட்ஸப்பில் படம் வந்து விழும். கம்ப்யூட்டரில் ஃபோட்டோஷாப் வைத்திருப்பவன் என்ற ஒரே தகுதியில் கிடைத்த பதவி. சம்பளம் கிடையாது, பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் கேட்காமலே வரும்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. 2002-இல் ஃபோட்டோஷாப் 7-இல் 'ஹீலிங் பிரஷ்' வந்தபோது, நல்ல தோல் எங்கே இருக்கிறது என்று நாம்தான் அதற்குக் காட்ட வேண்டியிருந்தது. 2005-இல் வந்த 'ஸ்பாட் ஹீலிங் பிரஷ்' அதையும் கேட்பதில்லை. பருவின் மேல் ஒரு தட்டு. அக்கம்பக்கத்துத் தோலைப் பார்த்து அதுவே மெழுகிவிடும். கேட்காமல் செய்வதுதான் அதனிடம் உள்ள தொல்லையும். ஒரு புள்ளி முகத்துக்குச் சொந்தமா, கேமராவுக்குச் சொந்தமா, நடுவில் பறந்த தூசியா என்ற பஞ்சாயத்து அதற்கு வேண்டாம். எங்கள் வீட்டில் அந்தப் பஞ்சாயத்து இல்லாமல் ஒரு படமும் நகராது.

ஊர்ப் பெருமாள் கோயில் கும்பாபிஷேகத்தை என் சித்தப்பா மகன் படமெடுத்தான். கலசத்தில் நீர் ஊற்றும் வேளையில் கருடன் வட்டமிடும் என்பது ஐதீகம். எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம்; ஒரு காக்காய்கூட வரவில்லை. ஆனால் படத்தில், நீல வானத்தில், விமானத்துக்கு வலப்பக்கம் மங்கலாக ஒரு கறுப்புப் புள்ளி. பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "கருடன்டா!" என்றார். மதியச் சாப்பாட்டுக்குள் படம் ஊர் முழுக்கப் போய்விட்டது.

மற்ற படங்களைப் பார்த்தவன் நான். அடுத்த படத்தில் கருடன் பட்டாச்சாரியார் வேட்டியில் உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்ததில் வெள்ளையடித்த மதில் சுவரில். எல்லாவற்றிலும் அதே இடம், அதே அளவு. லென்ஸைக் கழற்றி மாட்டும்போது உள்ளே போன தூசி, சென்சாருக்கு முன்னாலிருக்கும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து எடுத்தால் அதன் நிழல் கரைந்துவிடும். நல்ல வெயிலில் எஃப் 16, எஃப் 22 என்று சுருக்கினால் அழுத்தமாக விழும். சிற்பம் நிறைந்த கோபுரத்தில் ஒளிந்துகொண்டு, வானம், சுவர், வேட்டி என்று வெறுமையான இடத்தில் தலைகாட்டும். படம் சென்சாரில் தலைகீழாக விழுவதால், உயரே பறந்த கருடன் உண்மையில் கேமராவுக்குள் கீழ்ப்பக்கம்தான் குடியிருந்தது.

2003-இல் வந்த ஒலிம்பஸ் இ-1 இதற்கு ஒரு வழி கண்டது: சென்சார் முன்னாலுள்ள வடிகட்டியை மீயொலி அதிர்வால் உதறுவது. இன்று எத்தனையோ கேமராக்கள் சுவிட்சைப் போட்டதும் ஒரு கணம் சாமியாடிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகின்றன. அதற்கும் மசியாத தூசிக்கு ரப்பர் புளோயர் இருக்கிறது. வாயால் ஊதினால் எச்சில் தெறித்து, ஒற்றைக் கருடன் இருந்த இடத்தில் ஒரு கூட்டமே வந்து இறங்கும்.

"பெரியப்பா, அது தூசி."

"தூசியா வரக்கூடாதுன்னு எந்த சாஸ்திரத்துல எழுதியிருக்கு?"

பதில் தெரியவில்லை. ஃபிளெக்ஸ் போர்டுக்குப் படம் கொடுக்கும்போது ஒரே நிபந்தனை போட்டார்: வானத்தில் கை வைக்கக் கூடாது. சரியென்று வேட்டிக் கருடனையும் சுவர்க் கருடனையும் மட்டும் எடுத்தேன்.

ராத்திரி பஜனைப் படங்களில் வெள்ளை வட்டங்கள் மிதந்தது தனி வழக்கு. சின்னக் கேமராவில் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருக்கும். கிட்டத்தில் பறக்கும் தூசியில் வெளிச்சம் பட்டால் அது ஃபோகஸ் இல்லாமல் வட்டமாக ஊதிப்போகும். சித்தர்கள் என்றார் பெரியப்பா. கோயிலாயிற்றே, சாம்பிராணிச் சாம்பலாக இருக்கலாம் என்றேன். அதை ஒத்துக்கொள்வதாக எடுத்துக்கொண்டார்.

பெரியப்பாவாவது இல்லாததைச் சேர்த்தார். ஸ்டூடியோப் பையன்கள் உள்ளதையே எடுத்துவிடுகிறார்கள். மாமாவின் பாஸ்போர்ட் சைஸ் படத்தில் இடது கன்னத்து மச்சத்தைக் காணோம். பள்ளிக்கூட டி.சி.யில் அந்த மச்சம் அங்க அடையாளமாக, தலைமையாசிரியர் கையெழுத்தோடு இருக்கிறது. "அப்ப நான் யாரு?" என்றார் மாமா. "யாரா இருந்தாலும் இப்பதான் பார்க்க நல்லாருக்கீங்க" என்று அத்தை அந்தப் படத்தையே பிரேம் போட்டுவிட்டாள்.

நெகட்டிவ் காலத்து ரீடச்சிங்காரர்கள் இப்படிக் கிடையாது. நெகட்டிவுக்குப் பின்னால் விளக்கு வைத்து, அதன் மேல் ஒரு திரவம் தடவி, ஊசியாகச் சீவிய பென்சிலால் இழைப்பார்கள். முகத்தில் கறுப்பாக இருப்பது நெகட்டிவில் வெளுப்பு; அங்கே பென்சில் ஏறினால் பிரிண்டில் தோலோடு தோலாகிவிடும். அம்மைத் தழும்பை ஒவ்வொன்றாக மூடவேண்டிய வேலை என்பதாலோ என்னவோ, "மச்சம் இருக்கட்டுமா?" என்று முதலிலேயே கேட்டுவிடுவார்கள். இன்றைய செல்போனின் பியூட்டி மோடு குழந்தையின் திருஷ்டிப் பொட்டையே மங்கலாக்குகிறது. கண் படக்கூடாதென்று வைத்த பொட்டை அழித்துவிட்டு, ஊரே பார்க்கும்படி ஸ்டேட்டஸில் போடுகிறார்கள்.

போன மாதம் சித்தி அறுபதாம் கல்யாணப் படத்தை அனுப்பினாள். "ஓரத்துல ஒரு கறை இருக்கு பாரு, அதை எடுத்துடு." பெரிதாக்கித் தேடினேன். கறை எதுவும் இல்லை. ஓரத்தில் நின்றது அவளுடைய நாத்தனார் வீட்டுக்காரர். 2010-க்குப் பிறகு ஃபோட்டோஷாப்புக்கு அதுவும் ஒரு பெரிய காரியமில்லை; ஆள் இருந்த இடத்தில் வாழைமரத்தை நீட்டிவிட்டது. இப்போது அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். அவரைத் திரும்ப நிறுத்தச் சொல்கிறாள். மூலப் படம் என்னிடம் பத்திரமாக இருப்பதைச் சொல்லவில்லை. "ஆளை முழுசா வரையணும் சித்தி, ரொம்ப வேலை" என்றிருக்கிறேன். ஒரு டப்பா கைமுறுக்கு வரை பேச்சு வந்திருக்கிறது.