அம்மம்மாவை நம்பிய அரசு

சுவிஸில் இருந்து லீவில் வந்து நிற்கும் உறவுக்காரரிடம் நான் பெருமையாகச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. பிள்ளைப்பேற்றுக்குச் சம்பளத்தோடு லீவு தரும் சட்டம் அந்த நாடு முழுவதற்கும் வந்தது 2005ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பலமுறை மக்கள் வாக்கெடுப்பில் தோற்றுப் போனது. எங்களுடைய மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டமோ 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கம். கூலிக்கு வேலை செய்யும் பெண்ணுக்குப் பெற்றுத் தேற அவகாசம் வேண்டும் என்று அரசாங்க சபைக் காலத்திலேயே இந்தத் தீவு நினைத்துவிட்டது. பெண்களின் வாக்குரிமையும் அப்படித்தான்: இங்கே 1931, அங்கே 1971. இந்த விஷயத்தில் இலங்கை முந்திய நாடு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

பிந்தி வந்த சுவிஸ் ஒரு நிதியத்தோடு வந்தது. தொழிலாளியும் முதலாளியும் மாதாமாதம் கட்டும் பொதுப் பணத்திலிருந்து தாய்க்கு 14 கிழமைக்குச் சம்பளத்தில் 80 வீதம் போகிறது. முந்தி வந்த நாங்கள் முதலாளியின் நல்ல மனதை நம்பினோம். லீவுக்கான சம்பளத்தை அவரே கொடுக்க வேண்டும் என்பதுதான் இன்றைக்கும் சட்டம். பேறுகாலச் செலவை எந்த நிலையிலும் முதலாளி தனியே சுமக்கக்கூடாது என்று சொல்லும் சர்வதேசத் தொழில் அமைப்பின் 103ஆம் சமவாயத்தை 1993இல் ஏற்றுக்கொண்டதும் இதே அரசுதான். ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. கிளிநொச்சி ரவுணில் நாலு பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கும் புடவைக்கடைக்காரருக்கு அந்தச் சமவாயம் தெரியாது. ஒருத்திக்குக் கலியாணம் பேசியாச்சு என்ற கதை காதில் விழுந்ததும் அடுத்த பிள்ளையைத் தேட வேண்டும் என்பது மட்டும் தெரியும். அவரையும் முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று மாதம் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க அவருடைய கல்லாப்பெட்டியில் காசு இல்லை. அரசும் தன் பெட்டியைத் திறக்கவில்லை.

2018இல் செய்த திருத்தத்தையும் வாழ்த்துகிறேன். அதுவரை மூன்றாவது பிள்ளை பெற்றால் 42 நாள்தான். இப்போது எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள். அரச உத்தியோகத்தில் இருப்பவருக்கு அதற்கு மேலும் 84 நாள் அரைச் சம்பளத்தோடும், இன்னொரு 84 நாள் சம்பளமில்லாமலும் உண்டு. முல்லைத்தீவில் படிப்பிக்கும் ஆசிரியைமார் பலருக்கு இது பெரிய ஆறுதல். சட்டத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு குணம் அதன் ஒளிவுமறைவில்லாத தன்மை. யாருக்கு உதவாது என்பதையும் அது எழுதியே வைத்திருக்கிறது: நாட்கூலி போல் இடைக்கிடை வேலை செய்பவர், வீட்டிலிருந்து செய்து கொடுப்பவர், இன்னொருவர் வீட்டில் வேலைக்கு நிற்பவர். ஒட்டுசுட்டானில் கச்சான் பிடுங்கப் போகிறவர், இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களில் களை பிடுங்குகிறவர், முல்லைத்தீவுக் கரையில் கருவாடு காயப்போடுகிறவர் யாரும் ஏமாந்துபோக வழியில்லை. அவர்களுக்கு எதுவும் தருவதாகச் சட்டம் சொல்லவே இல்லை.

அப்பாமாரையும் அரசு மறக்கவில்லை. அரச ஊழியருக்கு மூன்று நாள் கொடுத்திருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் ஒருவர் இரவு பஸ் ஏறி விடியப்புறம் வவுனியாவில் இறங்கி, வைத்தியசாலை வாசலில் நின்று, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு நாலாம் நாள் கந்தோரில் இருக்கலாம். தனியார் துறையில் இருப்பவருக்குச் சட்டம் ஒரு நாளும் சொல்லவில்லை. எங்கள் ஊர்ச் சனம் பிள்ளை பிறந்த வீட்டில் 31 நாள் துடக்குக் காக்கும். நோர்வே 1993இல் அப்பாவுக்கென்றே நாலு கிழமையை ஒதுக்கி, அவர் எடுக்காவிட்டால் அது இல்லாமற்போகும் என்று வைத்தது. இன்று அது 15 கிழமை. ஒஸ்லோவில் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பகலில் நடக்கும் தமிழ் அப்பாமார் இந்த மண்ணில் பிறந்தவர்கள்தான். இங்கே இருந்திருந்தால் அவர்களும் நாலாம் நாள் பஸ் ஏறியிருப்பார்கள்.

மனமாரப் புகழ வேண்டியவர் குடும்பநலச் சுகாதார உத்தியோகத்தர், எங்கள் வாயில் மிட்வைப் அம்மா. மழையோ வெயிலோ மோட்டார் சைக்கிளில் வந்து, கர்ப்பிணியின் கொப்பியைப் பார்த்து, பிறந்த பிள்ளையின் தொப்புளைப் பார்த்து, ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கொடாதே என்று சொல்லிவிட்டுப் போகிறார். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். எத்தனையோ பணக்கார நாடுகள் எட்டாத கணக்கு இது. ஆறு மாதம் என்று சொல்லும் மிட்வைப்பும் அரசு, 84 நாள் என்று சொல்லும் சட்டமும் அரசு. இரண்டையும் ஒரே வீட்டுக்குள் பொருத்தி வைப்பவர் யார் என்று பார்க்க விசுவமடுவில் எங்கள் ஒழுங்கைக்கு வர வேண்டும்.

ஐந்தே முக்காலுக்கு ஆடைத்தொழிற்சாலை பஸ் சந்திக்கு வரும். ஏழு மாதப் பிள்ளையைத் தாய் கடைசியாக ஒருக்கால் அணைத்துப் பால் கொடுத்துவிட்டு எழும்பும்போது அம்மம்மா குசினியில் புட்டை அவித்து இறக்கிப் பார்சலும் கட்டி முடித்திருப்பா. "நான் இருக்கிறன்தானே பிள்ளை, நீ போட்டு வா" என்பது அவ தினமும் சொல்லும் வசனம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே உள் அறைக்குப் போவா. அங்கே மகன் படுத்திருக்கிறார். 2009இல் முள்ளிவாய்க்காலில் செல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், தவறினால் படுக்கைப்புண். சலப்பையை வெறுமையாக்க வேண்டும். திருப்பும்போது பிள்ளையைப் பாயில் கிடத்துவா, பிள்ளை அழும். அவவுக்கு 61 வயது. முழங்கால் நோவுக்குக் கோடாலித் தைலம் பூசுவா.

தொழிற்சாலையில் இருக்கும் தாயையும் சட்டம் கைவிடவில்லை. ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை. குழந்தைகள் காப்பகம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். காப்பகம் இல்லாத இடத்தில் தாய் தூரத்துக்குப் போய்வர வேண்டும் என்று யோசித்து அந்த அரை மணித்தியாலத்தைக் கூட்டிக் கொடுத்தவரின் கரிசனையை நான் மதிக்கிறேன். விசுவமடு இருபது கிலோமீற்றருக்கு அப்பால் என்பதும், தொழிற்சாலை பஸ் வேலை முடிந்தால்தான் திரும்பும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் 2017இல் சட்டத்தைத் திருத்தி 26 கிழமை ஆக்கினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் கட்டாயம் என்றார்கள். தமிழ்நாட்டு அரசு தன் ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம் கொடுக்கிறது. எங்கள் அரசுக்கு அந்த அவசரம் வரவில்லை. அதற்குத்தான் அம்மம்மா இருக்கிறாவே.

வன்னிப் பிள்ளைகளுக்கு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நான் மறுப்பேன். போர் முடிந்த பின் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நூற்றுக்கணக்கான முன்பள்ளி ஆசிரியைமாருக்கு மாதம் தவறாமல் நல்ல சம்பளம் கொடுத்தது அரசுதான். கொடுத்தது கல்வி அமைச்சு இல்லை. பாதுகாப்பு அமைச்சின் கீழ் 2006இல், ஊர்காவல் படையிலிருந்து உருவான சிவில் பாதுகாப்புத் திணைக்களம் (சி.எஸ்.டி). பக்கத்து ஊரில் மாகாணத்தின் கீழ் அதே நிறப்பென்சிலோடும் அதே பாட்டோடும் படிப்பித்த ஆசிரியைக்குக் கிடைத்தது சில ஆயிரம் ரூபாய், சி.எஸ்.டியில் சேர்ந்தவருக்கு அதன் பல மடங்கு. மூன்று வயதுப் பிள்ளையைப் பராமரிப்பது பணம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை என்பதை இந்த நாட்டில் முதலில் உணர்ந்தது பாதுகாப்பு அமைச்சு என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும். பிள்ளைகளைத் தேடி அழுத தாய்மாரின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த அமைச்சின் பெயரில் முன்பள்ளி நடந்தது. அந்தச் சம்பளத்தை வாங்கிய பெண்களை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். அந்தக் காசில் அடுப்பு எரிந்த வீடுகள் எனக்குத் தெரியும். எந்த முன்பள்ளி என்றாலும் மத்தியானத்துக்கு முன் முடிந்துவிடும். பிள்ளையைக் கூட்டிவர வாசலில் நின்றதும் பெரும்பாலும் அம்மம்மாதான்.

முதியோரிடத்தில் அரசுக்கு உள்ள மரியாதையையும் சொல்லாமல் விட முடியாது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றாரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. கவனிக்காத பிள்ளையிடமிருந்து பராமரிப்புப் பணம் பெற்றுத்தர ஒரு சபையே இருக்கிறது. பெற்றாரை மறக்கும் காலத்தில் இப்படி ஒரு சட்டம் தேவை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 மாசி 20ஆம் திகதி முதல், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்திக்கொண்டு உட்கார்ந்த தாய்மாரும் இதைத்தானே கேட்டார்கள்? தங்களைப் பார்க்க வேண்டிய பிள்ளை எங்கே என்று. பிள்ளைகளுக்குக் கட்டளையிட அந்தச் சபைக்கு அதிகாரம் இருக்கிறது. தாயின் கண் முன்னே படையினரிடம் கையளிக்கப்பட்ட பிள்ளைக்கு அந்தக் கட்டளையை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று மட்டும் சட்டத்தில் இல்லை.

எங்கள் ஒழுங்கை அம்மம்மா 70ஐக் கடந்தால், வறிய முதியவர் என்ற வகையில் ஒரு கொடுப்பனவு கிடைக்கக்கூடும்; 2025இல் அதை மாதம் 5,000 ரூபாய் ஆக்கினார்கள். அது வயதுக்கு. வேலைக்கு இல்லை. மகனுக்கென்று வரும் கொடுப்பனவு மகனுடைய மருந்துக்கும் துணிக்கும் போய்விடும். ஜேர்மனியில் 1995 முதல் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்புறுதி இருக்கிறது. வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பத்தவருக்காக அந்தக் காப்புறுதியே ஓய்வூதியப் பங்களிப்பையும் கட்டுகிறது. யப்பானில் வேலை செய்பவர் ஒருவர் தன் குடும்பத்து நோயாளி ஒருவருக்காக 93 நாள் லீவு எடுக்கலாம், மூன்று தடவையாகப் பிரித்தும் எடுக்கலாம். தம்பியை வவுனியாவுக்கு கிளினிக் கொண்டுபோக வேண்டிய நாளில் அந்தத் தொழிற்சாலைப் பெண் என்ன லீவு எடுக்கிறாள்? தன்னுடைய சுகயீன லீவை. அது முடிந்தால் சம்பளம் வெட்டு.

இத்தனையிலும் அரசின் அக்கறை முழுதாகத் தெரிந்த ஆண்டு 2013. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் பெண் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக்கூடாது என்றும், அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களை யார் பார்ப்பார்கள் என்று குடும்பப் பின்னணி அறிக்கையில் காட்ட வேண்டும் என்றும் சுற்றறிக்கை வந்தது. தாயில்லாத வீட்டில் பிள்ளை என்ன பாடுபடும் என்று ஓர் அரசு கவலைப்பட்டதைப் பெரிதாக மதிக்கிறேன். பிரதேச செயலகத்துக்குப் போய், கிராம அலுவலரைக் கண்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழைக் காட்டி, பொறுப்பாளர் ஒருவரையும் காட்டினால்தான் அறிக்கை. கட்டாருக்குப் போகும் தகப்பனிடம் இந்தக் கடதாசியை யாரும் கேட்கவில்லை. அவரால் பிள்ளைக்குக் குறை வராது என்ற நம்பிக்கை போலும். 2022இல், நாட்டில் டொலர் இல்லாமற்போன வருஷத்தில், ஐந்து வயதை இரண்டாகக் குறைத்தார்கள். நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்க, போக வழியில்லாமல் இருந்த வன்னிப் பெண்கள் பலருக்கு அது கதவு திறந்ததுபோல் இருந்தது. இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தாய் தேவை குறைந்துவிட்டது என்று எந்த மிட்வைப்பும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

அந்த அறிக்கையில் பொறுப்பாளர் என்று எழுதப்படும் பெயர் வீட்டுக்கு வீடு அம்மம்மாவினுடையதுதான். அவவின் அடையாள அட்டை இலக்கம் எழுதப்படுகிறது, கையொப்பமும் வாங்கப்படுகிறது. பிள்ளையைப் பார்ப்பது ஒரு பொறுப்பு என்றும், அதை ஏற்பவருக்கு ஒரு பெயரும் விலாசமும் உண்டு என்றும் எங்கள் அரசுக்கு நன்றாகத் தெரியும். சுவீடன் 1974இலேயே தாய், தகப்பன் இருவருக்கும் பொதுவான பெற்றார் லீவைக் கொண்டுவந்த நாடு. 480 நாள் கொடுத்தும் அம்மம்மாவை அது கண்டுகொள்ள 2024 ஆடி மாதம் ஆனது. இப்போது அங்கே பெற்றார் ஒவ்வொருவரும் தங்கள் நாட்களில் 45ஐ அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ மாற்றிக் கொடுக்கலாம்; தனித்து வளர்க்கும் தாய் 90 நாளைக் கொடுக்கலாம். பிள்ளையைப் பார்க்கும் நாளுக்கான பணம் பார்ப்பவரின் கணக்குக்குப் போகும்.

இந்தக் காரியத்தில் சுவீடனை விட எங்கள் அரசு பதினொரு வருஷம் முந்தி. அம்மம்மாவின் பெயர், வயது, விலாசம், கையொப்பம் எல்லாம் 2013இல் இருந்தே பிரதேச செயலகங்களின் கோப்புகளில் இருக்கின்றன. புதிதாக ஆள் தேட வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு இலக்கத்துக்கு ஒரு வரி அந்தப் படிவத்தில் சேர்த்து, அதற்கு நேரே வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தொகையையும் எழுதினால் போதும். எங்கள் ஒழுங்கையில் நாளைக்கே பதிய ஆள் இருக்கிறா.