சிஸ்டம் தம்பி

திருப்போரூர்க் கடைத்தெருவில் கணினியால் வரும் எந்தத் துயரமும் முதலில் போய்ச் சேரும் இடம் சிஸ்டம் தம்பி. செல்போன் பழுதுபார்க்கும் கடையின் பின்பாதியில் இவர் காணப்படுவார். நாற்பத்தைந்து வயதானாலும் தம்பிதான். சாவிக்கொத்தில் பென்டிரைவ் தொங்கும். சட்டைப்பையில் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். பக்கத்திலேயே சிறுசேரி ஐ.டி. பூங்காவில் பொறியாளர்கள் கூட்டம் கூட்டமாக இருந்தாலும், அவர்களில் எவரும் மேசைக்கடியில் தலைகீழாகக் குனிந்து வயரைத் தேட மாட்டார்கள். இவருடைய பிழைப்புக்கு அதுவே ஆதாரம்.

இவரது திறமை முழுவதும் வெளிப்படுவது மெயில் போகாத நாளில். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அவ்வூர்க் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிலைக்கு விலை கேட்டு சிங்கப்பூரிலிருந்து மெயிலும் வருகிறது. பதில்தான் அவுட்பாக்ஸிலேயே உட்கார்ந்திருக்கிறது.

"தம்பி, மெயில் வருது, போவ மாட்டேங்குது."

"நெட்டு இருக்காண்ணே?"

"யூடியூப் ஓடுதே!"

"அப்போ ரூட்டரை ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

இது வைத்தியமல்ல, நேரில் வருவதைத் தள்ளிப்போடும் உபாயம். நேரில் வந்ததும் வரிசை மாறாது. முதலில் ஆன்டிவைரஸை நிறுத்துவார். அடுத்து, அவுட்பாக்ஸில் சிக்கிய பெரிய படங்களை அழிப்பார். இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஜிமெயில் 25 எம்.பி.க்கு மேற்பட்ட இணைப்பை ஏற்காது. அதற்கும் மசியாவிட்டால், "ஃபார்மட் அடிச்சிடலாமாண்ணே?" என்பார். ஃபார்மட் அடிப்பதில் இவருக்குள்ள ஆர்வத்துக்குக் காரணம் எந்த ஆய்விலும் சிக்கவில்லை.

கூடத்துக்காரர் மறுத்த பிறகுதான் உண்மையான சோதனை. தன் செல்போனின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைப்பார். மெயில் பறந்துவிட்டால் குற்றவாளி கணினியல்ல, மெயில் போகும் வழியை மூடிய இணைய நிறுவனம். செல்போன் நிறுவனமும் அதே வழியை மூடியிருந்தால் மெயில் நகராது. அப்போது இவர் முகத்தில் ஃபார்மட் ஆசை மறுபடி எட்டிப்பார்க்கும். அதை அடக்கிக்கொண்டு கறுப்புத் திரையில் டெல்நெட் கட்டளையும், மெயில் சர்வரின் பெயரும், 25 என்ற எண்ணும் தட்டுவார். வழி திறந்திருந்தால் எதிர்முனை 220 என்று தொடங்கிப் பதில் சொல்லும். மூடியிருந்தால் திரை மௌனம் காக்கும். அதே கட்டளையை 587 போட்டுத் தட்டியதும் 220 வந்து நிற்கும். "நான் அப்பவே சொன்னேன்ல!" என்பார். சொல்லவில்லை.

மெயில் அனுப்பும் எஸ்.எம்.டி.பி. நெறிமுறை 1982-இல் வெளியானது. 25-ஆம் போர்ட் அதன் வாசல். அங்கே ஆளை விசாரிக்கும் வழக்கமே கிடையாது. பின்னாளில் வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் உரிமையாளருக்கே தெரியாமல் குப்பை மெயிலைக் கொட்டத் தொடங்கியதும், இணைய நிறுவனங்கள் பல சாதாரண இணைப்புகளில் அந்த வாசலை அடைத்தன. வாடிக்கையாளர் மெயில் ஒப்படைப்பதற்கென்றே 587 என்ற தனிவாசல் 1998-இலேயே வகுக்கப்பட்டிருந்தது. பெயரும் கடவுச்சொல்லும் காட்டினால் உள்ளே விடுவார்கள். மெயில் வருவதற்கு வேறு போர்ட்கள் என்பதால் அந்தப் பக்கம் தடையில்லை. இதையெல்லாம் தம்பி ஒரே வரியில் முடித்துவிடுவார்: "மாசித் தேரன்னிக்கு பஸ்ஸைச் சுத்தி வுடுவாங்கள்லண்ணே, அது மாதிரி."

பிறகு அவுட்லுக் அமைப்பில் 25-ஐ 587 ஆக்குவார். குறியாக்கத்துக்கு ஸ்டார்ட் டி.எல்.எஸ். தேர்ந்தெடுப்பார், 'அனுப்பும் சர்வருக்கும் கடவுச்சொல் தேவை' என்ற கட்டத்தில் டிக் போடுவார். பழுதில் பாதி அந்த டிக்தான். அதன்பிறகும் 535 என்று பிழை வந்தால் கடவுச்சொல் தகராறு. தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் 2022 மே மாதக் கடைசியிலிருந்து வெறும் கடவுச்சொல்லை இத்தகைய மென்பொருள்களில் போட்டால் செல்லாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்துள்ள செயலிக் கடவுச்சொல் வாங்க வேண்டும். அதற்கான ஓ.டி.பி. வேளச்சேரியில் வேலைபார்க்கும் கூடத்துக்காரர் மகனின் போனுக்குப் போகும். மகன் எடுக்க மாட்டான். இந்த இடைவெளியில் தம்பிக்கு இரண்டாவது டீ வரும்.

கூலி கேட்டால் "குடுக்கறதக் குடுங்கண்ணே" என்பார். கொடுத்ததை எண்ணிப் பார்த்துவிட்டு, "கேபிள் ஒண்ணு மாத்தினேன்" என்பார். நிலையான ஐ.பி. எடுத்த வணிக இணைப்பில் கேட்டுக்கொண்டால் சில நிறுவனங்கள் 25-ஐயே திறந்துவிடும் என்பதும் இவருக்குத் தெரியும். அதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. போன மெயில் சிங்கப்பூர்க்காரரின் ஸ்பாம் பெட்டியில் விழுந்தால் கூடத்துக்குச் சொந்த டொமைன் இருக்கும் பட்சத்தில், மெயில் அனுப்ப அனுமதியுள்ள சர்வர்களைச் சொல்லும் எஸ்.பி.எஃப். பதிவை அதில் சேர்க்க வேண்டும். அது வேறு நாள், வேறு கூலி.