பேனர் வைக்கிற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, உக்காரு. பொறந்த நாளுக்கு பஸ் ஸ்டாண்டுல பேனர் வைக்கிறியாமே? வையி, வையி. ஊரே வச்சாச்சு, உன் மூஞ்சி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

எடம் மட்டும் பாத்து வையி. வேடியப்பன் கல்லுப் பக்கம் வேணாம். போறவன் வர்றவன் ரெண்டையும் ஒத்துப் பாத்துடுவான்.

வேடியப்பன் சாமியானது அப்புறந்தான். மொதல்ல அவரும் மனுசன். களவு போன மாட்டை மீக்கப் போயி செத்தாரு, ஊரு கூடிக் கல்லு நட்டுச்சு. செங்கம் பக்கம் அந்த மாதிரிக் கல்லு நெறைய. மூக்கு முழிய வச்சு யாரு எவருன்னு சொல்ல முடியாது. ஆனா கையில வில்லு, ஒடம்புல தச்ச அம்பு, அதெல்லாம் பளிச்சுன்னு இருக்கும். தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில 2006-ல கண்டெடுத்த கல்லு அதுக்கும் ரொம்பப் பழசு. அதுல உருவமே கெடையாது. மாட்டுக்காக நடந்த சண்டையும் செத்தவன் பேரும்தான். மூஞ்சி இல்லாமலே ரெண்டாயிரம் வருசமா நிக்கிறான்.

எடுத்தனூர்க் கல்லைக் கேளு. மகேந்திரவர்மப் பல்லவன் காலம், 7-ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தின்னு ஒரு வீரன் செத்தான். கூட இருந்த கோவிவன்ங்கிற நாயி ரெண்டு கள்ளனைக் கடிச்சுக் காவல் நின்னுச்சாம். நாயையும் செதுக்கி, பேரையும் வெட்டி வச்சிருக்காங்க. உன் பேனர் அடியில தபால்தலை அளவுல முப்பது மூஞ்சி இருக்கே, அதுல யாரு எவனைக் கடிச்சா?

உன்னைத்தான் ஸ்டுடியோக்காரன் நல்லா வெளுத்து வச்சிருக்கான். பின்னால ஒரு சிங்கம் வேற. அது யாரு வூட்டுதுடா? நீ என்ன செஞ்சேன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கான்னு கண்ணாடி போட்டுத் தேடுனேன். 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்'னு கெடக்கு. உனக்கு இருபத்திரெண்டு வயசு. உன்னை வாழ்த்த எனக்குக்கூடவா வயசு பத்தல?

2017-ல உயர் நீதிமன்றம், உசுரோட இருக்கறவன் படத்தை பேனர்ல போடாதேன்னு ஒரு ஆணை போட்டுச்சு. வேடியப்பனுக்கு அதுல ஒரு சங்கடமும் இல்ல. அவரு செத்து, அடுத்தவன் காசு போட்டு, ஊரு பாத்து வச்ச கல்லு. நீ உசுரோட இருந்து, சொந்தக் காசு போட்டு, நீயே பாத்துக்கறதுக்கு வைக்கிற. செலவு உன்னுது, எனக்கென்ன வந்துச்சு?

ஆனா கஞ்சத்தனம் பண்ணாதே. நல்ல தடிமனான ஃபிளெக்ஸா, நாலு மூலையிலயும் வளையம் அடிச்சு வாங்கு. ஐப்பசி மழைக்கு ஆட்டுக்கொட்டாய் மேல போடணும். ஊருக்கு நீ ஏதோ செஞ்சேன்னு ஆடாவது சொல்லட்டும்.