பேய்க்கும் பிரமோஷன் உண்டு

சிலப்பதிகாரத்துப் பூம்புகாரில் பூதத்துக்கு அரசாங்க உத்தியோகம். புளியமரத்தில் தொங்குகிற தினக்கூலி வேலை இல்லை. நாற்சந்தியில் நிரந்தரப் பணி, கையில் பாசக்கயிறு. போலிச் சாமியார், கள்ளத்தனம் செய்யும் பெண், காலை வாரும் மந்திரி, அடுத்தவன் மனைவியை நோட்டம் விடுபவன், பொய்சாட்சி, கோள்சொல்லி ஆகிய ஆறு பேரையும் கட்டி, அடித்து, தின்றுவிடும். நாலு காதம் கேட்கிற குரலில் முன்னறிவிப்பு வேறு. கோவலன் எப்படித் தப்பினான் என்று கேட்காதீர்கள். மாதவி யாருக்கும் மனைவி இல்லை, சட்டத்தில் ஓட்டை. போதாக்குறைக்கு, பொய்சாட்சி சொன்ன ஒருவனுக்காக, "என்னை எடுத்துக்கொண்டு அவனை விடு" என்று கோவலனே பூதத்திடம் சிபாரிசுக்குப் போனான். ஆள்மாறாட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டு, பூதம் உரியவனையே சாப்பிட்டது. இப்படி ஒரு அதிகாரியை அதன்பின் தமிழகம் கண்டதில்லை.

சோழர் காலத்தில் பேய்கள் ரேஷனுக்கு வந்துவிட்டன. கலிங்கத்துப்பரணியில் அவை காளியிடம் பசி என்று முறையிடுகின்றன. முதலாம் குலோத்துங்கனின் படை கலிங்கத்தை ஒரு வழி செய்த பிறகுதான் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிப் பந்தி. அதிலும் சமணப் பேய்க்கு ஒருவேளைச் சாப்பாடு, மயிர் விழாமல் வடிகட்டித் தரவேண்டும். குடிப்பது பிணக்கூழ்; ஆசாரம் மட்டும் குறையக்கூடாது!

நீலியின் கதைதான் எனக்குப் பிடித்தது. பழையனூரில் ஒரு வணிகனின் மனைவி போல் வேஷம் கட்டி, ஊரார் முன் அழுது, அவனைத் தீர்த்துக்கட்டியவள். அவனுக்குப் பிணை நின்ற 70 வேளாளர்கள் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள். நீலிக் கண்ணீர் அவள் விட்டுப்போன சொத்து.

நீலகேசி என்ற சமணக் காப்பியத்தில் அவளுக்கு வெளியூர் கேஸ் ஒன்று வருகிறது. பாஞ்சால நாட்டுச் சுடுகாட்டில் முனிச்சந்திரர் என்ற துறவி உட்கார்ந்துகொண்டு, பலிக்கு ஆடு வேண்டாம், மண்பொம்மை போதும் என்று சனங்களிடம் சொல்லிவிட்டார். சாப்பாடு போன உள்ளூர்க் காளி, தெற்கிலிருந்து ஸ்பெஷலிஸ்ட்டாக நீலியை வரவழைத்தாள். நீலி உறுமினாள், உருட்டினாள், ராஜகுமாரி வேஷத்தில் வந்தாள். முனி அசையவில்லை. கடைசியில் அவளே சமணத்தில் சேர்ந்து, குண்டலகேசியில் ஆரம்பித்துப் புத்தர் வரை வாதாடி ஜெயித்தாள். (எழுதியவர் சமணர் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.)

பேய் பண்டிதை ஆனாள். முனி என்ன ஆனார்? பாவம், அவருக்கு நேர்எதிர் டிரான்ஸ்ஃபர். முற்றும் துறந்தவரைக் குறித்த சொல், நம் கிராமங்களில் நடுராத்திரி ஒன்றுக்கு ஒதுங்குகிறவனை அறைந்து ரத்தம் கக்க வைக்கிற ஆசாமிக்குப் பெயராகிவிட்டது. "முனி அடிச்சிருச்சு" என்றால் யாரும் கமண்டலத்தை நினைப்பதில்லை.

எதற்கும் இருட்டில் பனைமரத்தடிக்குப் போகாதீர்கள். நான் போவதில்லை.