கிள்ளான் பள்ளத்தாக்கு மலையேற்றத்தில் ஐந்திணைக் கூறுகள்: ஓர் ஆய்வு

முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966-இல் தனிநாயகம் அடிகளின் முயற்சியால் கோலாலம்பூரில் நடந்தது. 1987-இலும் 2015-இலும் மாநாடு இதே ஊருக்குத் திரும்பி வந்தது. மூன்றிலும் போர்த்திய பொன்னாடைகளை ஒட்டுப்போட்டால் செமினி பக்கத்துப் புரோகா மலைக்கு ஒரு சட்டை தைக்கலாம். ஆனால் ஞாயிறு விடியலில் டார்ச் லைட்டோடு அந்த மலை ஏறும் தமிழரைப் பற்றி ஓர் ஆய்வுரைகூட என் கண்ணில் படவில்லை. ஐந்திணையைப் பொருத்திப் பார்க்காத பொருள் இன்று உண்டா? சினிமாவுக்குப் பொருத்தியாயிற்று, விளம்பரத்துக்கும் பொருத்தியாயிற்று. மலையைத்தான் விட்டுவிட்டார்கள். மலை என்றால் குறிஞ்சி என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், அதற்கு யார் முனைவர் பட்டம் கொடுப்பார்கள் என்று அஞ்சியிருக்கலாம். அந்த இடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது.

குறிஞ்சி. தெய்வம் சேயோன். சான்று: பத்துமலை வாசலில் 2006-இல் எழுந்த 42.7 மீட்டர் முருகன். 272 படிகளுக்கும் 2018-இல் வண்ணம் பூசப்பட்டது; தொல்காப்பியர் படிகளின் வண்ணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எனவே விதிமீறல் இல்லை. விலங்கு, குரங்கு. சங்க காலத்தில் பலாச்சுளை தின்றது, இங்கே கையிலிருக்கும் பிளாஸ்டிக் பையைப் பிடுங்குகிறது. பறை, தொண்டகம். அது வழக்கொழிந்து அவ்விடத்தைப் புளூடூத் ஸ்பீக்கர் பிடித்துக்கொண்டது. பிந்தையதன் ஒலி முன்னையதைவிடக் கொடிது என்பது பெட்டாலிங் ஜெயாவின் காசிங் மலையில் சிவன் கோயில் பக்கம் நிம்மதியாக நடக்க வந்தவர்கள் துணிபு. உரிப்பொருள் புணர்தல். இதைக் 'குழுவாகக் கூடுதல்' என்று கொள்க. குடும்பத்தோடு படிப்பவர்களும் இருப்பார்கள்.

மருதம். உரிப்பொருள் ஊடல். விடிகாலை மூன்றரைக்கு அலாரம் வைத்தவர் வீட்டில் காண்க.

நெய்தல். இரங்கல். திங்கட்கிழமை, முழங்கால்.

பாலை. கோலாலம்பூரில் பாலை ஏது என்று கேட்பவர் முற்பகல் வெயிலில் தாபூர் மலை முகட்டில் நின்றிராதவர். கிள்ளான் கேட்ஸ் அணைக்கு மேலே பதினான்கு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் படிகக்கல் முதுகு அது. உச்சிப் பாறையில் ஒதுங்க நிழல் கிடையாது. அங்கே தவறி விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு, அதனால் கேலியை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். வனத்துறை அனுமதியில்லாமல் ஏறாதீர்கள். குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்றார் இளங்கோவடிகள். அவர் கண்டது வெயிலால் திரிந்த நிலம். வங்சா மாஜு பக்கம் டிண்டிங் மலையில் வீடமைப்புத் திட்டத்தை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் குரல் கொடுத்தார்களே, அந்த வகைத் திரிபுக்கு இலக்கணம் இன்னும் எழுதப்படவில்லை.

இனி முல்லை. உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். கிள்ளான் பள்ளத்தாக்கு மலையேற்றத்தில் ஏறும் நேரத்தைவிட இது நீளம். புரோகா ஏறச் சுமார் ஒரு மணி நேரம் போதும். எல்லாரும் பிரிக்ஃபீல்ட்ஸில் கூடி ஒரே காடியில் போகலாம் என்று எவரோ சொன்ன கணத்தில் முல்லை தொடங்கிவிடுகிறது. சங்கத் தலைவி கார்காலத்து மாலையில் தலைவனுக்காகக் காத்திருந்தாள். இங்கே நால்வர் நாலரை மணி இருட்டில், மூடிய பூக்கடை ஓரம், கிள்ளானிலிருந்து வரவேண்டிய அண்ணனுக்காகக் காத்திருக்கிறார்கள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"தோ வந்துக்கிட்டே இருக்கேன்லா தம்பி. வளைவு தாண்டிட்டேன்."

பெடரல் நெடுஞ்சாலையில் சிலாங்கூருக்கும் கோலாலம்பூருக்கும் எல்லையாக நிற்கும் கோத்தா டாருல் ஏசான் வளைவைச் சொல்கிறார். அதைத் தாண்டிவிட்டால் பிரிக்ஃபீல்ட்ஸ் கூப்பிடு தூரம். ஆயின் அவர் குரலுக்குப் பின்னே வாளியில் தண்ணீர் விழுகிறது. மேலும் ஒரு பெண்குரல், "டவல் கொடியில இருக்கு" என்கிறது. நெடுஞ்சாலை வளைவின்கீழ் கொடி கட்டி டவல் காயப்போடும் வழக்கம் முன்னாளில் இருந்ததா என்பது தனி ஆய்வுக்குரியது.

இதுபற்றி அறிஞரிடையே மூன்று கொள்கைகள் உண்டு. அண்ணன் மனத்தால் வளைவைத் தாண்டிவிட்டார், உடல் பின்னால் வருகிறது என்பது முதலாவது (தேத்தண்ணிக் கடை ரசீது, பின்பக்கம், பருப்புக் கறைக்குக் கீழ் இரண்டாம் வரி). அவர் சொன்னது தம் வீட்டு வாசல் வளைவை என்பது அடுத்தது (அதே ரசீது, திருத்திய பதிப்பு, கறை காய்ந்தபின்). மூன்றாவதுக்கு ஆதாரம் வாட்ஸ்அப் குழுச் சுவடி: அதிகாலை ஏட்டில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்றொரு வரி மட்டும் எஞ்சியுள்ளது. மறைந்துபோன அந்தப் பாடத்துக்கு உரையாசிரியர்கள் இருவர். 'இப்பதான் எந்திரிச்சேன்' என்பதே மூலம் என்கிறார் ஒருவர். 'நான் வரல' என்பதே மூலம், அண்ணன் மனைவி அழிக்கவைத்தார் என்கிறார் மற்றவர் (சுவடி, மேற்படி ஏடு, நீலக்குறி இரண்டு விழுந்த இடம், அதன் அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு, கட்டைவிரல் ஈமோஜி நீங்கலாக). இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. ஒருவர் நூலுக்கு மற்றவர் அணிந்துரை மட்டும் தருகிறார். அழிந்த வரி கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையது என்று நிறுவ இன்னொருவர் புறப்பட்டுவிட்டதாகக் கேள்வி. நம் அறிஞர்களுக்கு எதிரே நிற்கும் சான்றைவிடக் காணாமல்போன சான்றின்மேல்தான் காதல் அதிகம்.

அண்ணன் வந்துசேரும்போது வானம் வெளுத்துவிடும். புரோகா உச்சியில் லாலாங் புல் நடுவே பார்க்கவேண்டிய சூரிய உதயத்தை நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியில் பார்க்க நேரும். "பசியாறிட்டே போயிரலாமே" என்று முதலில் சொல்பவரும் அண்ணனே. ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வந்தபின் மலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனவே இக்கட்டுரையின் துணிபு: கிள்ளான் பள்ளத்தாக்கில் மலையேற்றம் என்பது முல்லைத் திணையில் தொடங்கி, உணவு என்னும் கருப்பொருளில் முடிகிறது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். புரோகாவில் உதயம் பார்க்க வேண்டுமானால் டார்ச் லைட்டும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், குப்பையைக் கீழே கொண்டுவாருங்கள். கிள்ளானிலிருந்து வருகிறவரை நேரே மலையடிவாரத்துக்கு வரச் சொல்லுங்கள். அவரிடம் மட்டும் ஒரு மணி நேரம் முன்தள்ளிச் சொல்லுங்கள்.