விரல் சொல்லும் விலை

கே: போடி ஏலக்காய் ஏல மையத்தில் விலை கேட்பதெல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஆனாலும் வியாபாரிகள் சாம்பிளைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கிறார்களே, ஏன்?
– வாசகர், பொட்டிபுரம்

ப: திரையில் எடை தெரியும், விலை தெரியும், காய் காய்ந்த பதம் தெரியாதே! நாலு காயை உள்ளங்கையில் போட்டுக் கட்டைவிரலால் அழுத்தினால், ஈரம் மிச்சமிருக்கிறதா, உள்ளே அரிசி நிறைந்திருக்கிறதா என்று விரலே சொல்லிவிடும்.

ஜெர்மனியின் உடலியல் அறிஞர் எர்ன்ஸ்ட் வெபர் 1834-லேயே காம்பஸ் முனைகளை உடம்பில் வைத்துத் தொடு உணர்வின் கூர்மையை அளந்தார். விரல்நுனி சுமார் 2 மி.மீ. இடைவெளியைக்கூடப் பிரித்தறியும், முதுகுக்குப் பல சென்டிமீட்டர் வேண்டும். சாம்பிள் பார்க்க யாரும் முதுகை நீட்டாததற்கு விஞ்ஞானக் காரணம் இதுதான்! அந்த ஆய்வில் தொடங்கிய தொடுதல் இயல், இன்று ஊடகத் துறையில் தனிப் படிப்பு. ஊடக ஆய்வாளர் டேவிட் பாரிசி 2018-ல் அதற்கு ஒரு வரலாறே எழுதிவிட்டார்.

அப்படியானால் திரையிலேயே தொட்டுப் பார்க்கலாமே என்கிறீர்களா? வழவழப்பான திரையிலேயே சொரசொரப்பை உணரவைக்கும் ‘ஐடேட்’ நுட்பத்தை சென்னை ஐ.ஐ.டி. 2022-ல் அறிவித்தது. மின்புலத்தால் விரலுக்கும் திரைக்கும் இடையே உராய்வை மாற்றும் வித்தை அது. நம்மவர்களின் அருமையான வேலை. ஆனால் மேல்தோலைக் காட்டும் திரை, அழுத்தினால் காயைப்போல் அமுங்காது. அமுங்கும் திரை வரும்வரை போடி வியாபாரியின் கட்டைவிரலுக்கு வேலை உண்டு.